குடியும் போதையும் முதலில் பறிப்பது கல்லீரலை அல்ல

"போன மாதம்தான் டெஸ்ட் எடுத்தேன், எல்லாமே நார்மல்." குடியைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தால் பல பேரிடமிருந்து வரும் முதல் பதில் இதுதான். சொல்பவர் பொய் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் அப்படித்தான் இருக்கும், ஏனென்றால் கல்லீரல் அவ்வளவு பொறுமையான உறுப்பு. அதன் திசுவுக்குள் வலியை உணரும் நரம்புகள் இல்லை, பெரும்பகுதி கெட்டுப்போன பிறகும் மிச்சமிருப்பதை வைத்து வேலையை ஓட்டிக்கொண்டே இருக்கும், கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். அதற்குள் பத்து இருபது வருடங்கள்கூடப் போயிருக்கலாம். அத்தனை வருடங்களில் அந்த மனிதரின் வாழ்க்கையிலிருந்து என்னென்ன போயின என்பதை எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. நாம் சேதத்தைத் தேடுவது உடம்பில். அது தொடங்கியதோ வேறு இடத்தில், வெகு காலத்துக்கு முன்னால்.

முதலில் போவது நேரம் என்று நினைக்கிறேன். குடிக்கும் நேரத்தைச் சொல்லவில்லை, குடியைப் பற்றி யோசிக்கும் நேரத்தைச் சொல்கிறேன். மதியம் மூன்று மணிக்கே மனது சாயங்காலத்துக்குப் போய்விடும். இன்றைக்கு யாரோடு, எங்கே, எவ்வளவு மிச்சம் இருக்கிறது, தீர்ந்துபோனால் எங்கே கிடைக்கும், வீட்டுக்குப் போகும்போது வாடையை எப்படி மறைப்பது, நேற்று என்ன காரணம் சொன்னோம், இன்றும் அதையே சொல்ல முடியுமா என்று ஓயாத கணக்கு. ஒரு விசேஷத்துக்கு அழைப்பு வந்தால் அங்கே குடிக்க வழி உண்டா என்பதுதான் முதல் யோசனை, இல்லையென்றால் போகாமலிருக்க ஒரு சாக்கு. மகளின் பள்ளி நிகழ்ச்சி, ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு, பாதி படித்து வைத்த புத்தகம், எதுவும் ஒரே நாளில் போவதில்லை. ஒவ்வொன்றாக, யாரும் கவனிக்காத வேகத்தில், "அப்புறம் பார்க்கலாம்" ஆகி நின்றுபோகும். வெளியிலிருந்து பார்த்தால் அவர் வேலைக்குப் போகிறார், வருகிறார், சம்பளம் கொண்டுவந்து கொடுக்கிறார். "நான் என்ன ரோட்டிலா விழுந்து கிடக்கிறேன்?" என்று அவர் கேட்கும்போது நமக்கும் சட்டென்று பதில் வராது.

அந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் பதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் போதைச் சார்புக்கு மூன்று அடையாளங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. எப்போது ஆரம்பிப்பது, எவ்வளவோடு நிறுத்துவது என்ற கட்டுப்பாடு கையை விட்டுப் போயிருப்பது ஒன்று. மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி, கெடுதல் நடப்பது கண்ணுக்குத் தெரிந்தும், அதுவே முதல் இடத்துக்கு வந்திருப்பது இன்னொன்று. மூன்றாவதாக, அதே போதைக்கு முன்பைவிட அதிகம் தேவைப்படுவது, நிறுத்தினால் உடம்பு உதறுவது போன்ற உடல் மாற்றங்கள். மூன்றில் இரண்டு போதும். இதில் எத்தனை கிளாஸ் என்ற கணக்கே இல்லை என்பதைப் பாருங்கள். தினமும் குடிக்கிறாரா, விலை உயர்ந்ததைக் குடிக்கிறாரா, தனியாகக் குடிக்கிறாரா, எதுவும் அளவுகோல் இல்லை. ரோட்டில் விழுந்து கிடப்பதும் இல்லை.

சரி, தெரிந்தும் ஏன் விட முடியவில்லை? குடும்பங்களைத் தின்னும் கேள்வி இது, இதற்கு ஓரளவு தெளிவான விளக்கம் இருக்கிறது. 1954-ல் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளின் மூளையில் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மெல்லிய மின்கம்பியைப் பொருத்தி, ஒரு நெம்புகோலை அழுத்தினால் அங்கே லேசான மின்சாரம் பாயும்படி செய்தார்கள். எலிகள் மணிக்கு நூற்றுக்கணக்கான தடவை அதை அழுத்திக்கொண்டே இருந்தன. மூளையின் 'இன்ப மையம்' கிடைத்துவிட்டது என்று ரொம்ப காலம் நம்பினார்கள். பிறகு 1993-ல் டெர்ரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் இருவரும் அந்த நம்பிக்கையைத் திருத்தினார்கள்: டோபமைன் என்கிற ரசாயனம் முக்கியமாகச் செய்வது இன்பம் தருவதை அல்ல, 'அது வேண்டும்' என்ற தவிப்பைக் கிளப்புவதை, பிடித்திருப்பதும் வேண்டும் என்று தவிப்பதும் மூளையில் தனித்தனி வேலைகள். போதை திரும்பத் திரும்ப உள்ளே போகப் போக, தவிப்பு கூடிக்கொண்டே போகும், பிடித்தம் கூடாது, பல பேருக்குக் குறையவே செய்யும். பாட்டில் திறக்கும் சத்தம், ஒரு நண்பரின் பெயர் போனில் ஒளிர்வது, சாயங்காலம் ஆறு மணி என்ற நேரம்கூட அந்தத் தவிப்பைத் தட்டி எழுப்பப் போதும்.

"எனக்கே இப்போது பிடிக்கவில்லை, ஆனாலும் முடியவில்லை" என்று ஒருவர் அழுதுகொண்டே சொல்வதைக் கேட்டிருந்தால், அதை நடிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் தன் மூளையில் நடப்பதை அப்படியே விவரிக்கிறார். பிடிக்காத ஒன்றைத் தேடி ஒரு மனிதர் மழையில் நடந்து போகும் நிலை அது. "மனசு வைத்தால் முடியாதா?" என்று நாம் கேட்கிறோம், மனசு வைப்பதற்கு, பின்விளைவை யோசித்து நிறுத்துவதற்கு, முன்மூளை வேலை செய்ய வேண்டும், போதை மெல்ல மெல்லப் பலவீனமாக்குவது அந்த முன்மூளையின் பிடியைத்தான். பிள்ளைகள் பதினான்கு பதினைந்து வயதில் தொடங்குவதைப் பற்றி மருத்துவர்கள் இவ்வளவு கவலைப்படுவதும் இதனால்தான். முன்மூளை முழுதாக வளர இருபத்தைந்து வயதுவரை ஆகிறது.

மதுவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அது தெரியாமல் போனால் உயிரே போகலாம். மூளையில் வேகத்தைக் குறைக்கும் ரசாயனம் ஒன்று, காபா. வேகத்தைக் கூட்டும் ரசாயனம் ஒன்று, குளூட்டமேட். மது காபாவின் வேலையைக் கூட்டி, குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கும், அதனால்தான் முதல் கிளாஸில் பதற்றம் தணிகிறது. வருடக்கணக்கில் தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்காது, சமன் செய்ய எதிர்ப்பக்கம் அழுத்தும். பிரேக்கை எப்போதும் மிதித்தபடியே இருக்கும் வண்டியை நகர்த்த ஆக்சிலேட்டரையும் முழுதாக மிதித்து வைத்திருப்பதைப் போன்றது அது. திடீரென்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் என்ன ஆகும்? காலையில் கை நடுங்குவது, வியர்ப்பது, நெஞ்சு படபடப்பது, டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாதது எல்லாம் அதுதான். அந்தக் கட்டத்தில் காலையில் ஊற்றும் முதல் கிளாஸில் சந்தோஷம் எதுவும் கிடையாது, நடுக்கத்தை நிறுத்த வேறு வழி தெரியாமல் குடிப்பது அது.

இதனால், பல வருடங்களாகத் தினமும் அதிகமாகக் குடிக்கும் ஒருவரை ஓர் அறையில் பூட்டிவைத்து "இன்றோடு நிறுத்து" என்று செய்யவே கூடாது. நடுக்கம் சில மணி நேரத்தில் தொடங்கிவிடும், முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு ஆள், இடம், நேரம் புரியாத குழப்பம், இல்லாத பூச்சிகள் உடம்பில் ஊர்வதாகத் தோன்றுவது, கடும் காய்ச்சல், எகிறும் ரத்த அழுத்தம் என்று ஒரு நிலை வரும். சிகிச்சை இல்லாவிட்டால் அதில் சாவு நடக்கிறது. தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரைகளுக்கு அடிமையானவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. நல்ல எண்ணத்தோடு, பாசத்தோடு, வீட்டிலேயே வைத்து நிறுத்த முயன்று உயிரை இழக்க வேண்டாம். மருத்துவமனையில் இந்தச் சில நாட்களை மருந்தால் பாதுகாப்பாகக் கடத்த முடியும், கூடவே பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். பி1 கொடுப்பதை லேசாக நினைக்காதீர்கள்: நீண்ட காலம் குடிப்பவர்களுக்கு அது தீர்ந்துபோய் மூளையில் ஒரு பகுதி நிரந்தரமாகக் கெட்டுவிடலாம், அதன்பின் புதிதாக எதுவுமே நினைவில் நிற்காது, ஐந்து நிமிடத்துக்கு முன் பேசியது மறந்து, அந்த இடைவெளியை நடக்காத கதைகளால் நிரப்பிப் பேசுவார்கள். கார்ல் வெர்னிக்கே 1881-லும் செர்கெய் கோர்சகோவ் 1887-லும் விவரித்த அந்த நோய் இன்றும் வந்துகொண்டிருக்கிறது, ஒரு சாதாரண வைட்டமினால் தடுக்க முடியும் என்றிருந்தும்.

நினைவு என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அளவுக்கு மீறி, அதுவும் வேகமாகக் குடிக்கும்போது, மூளையில் புது நினைவுகளைப் பதியும் ஹிப்போகேம்பஸ் பகுதி வேலையை நிறுத்திவிடுகிறது. ஆள் மயங்கி விழுந்திருக்க மாட்டார். நடப்பார், பேசுவார், சண்டை போடுவார், வண்டிகூட ஓட்டுவார், ஆனால் எதுவும் பதிவாகாது. மறுநாள் காலையில் மனைவி கண் வீங்கி நிற்கிறார், "நேற்று என்ன பேசினாய் தெரியுமா?" என்கிறார், அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. அவருக்கு அது நடக்காத ஒன்று, மனைவிக்கோ ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு வெவ்வேறு கடந்த காலம். இது மாதக்கணக்கில் நடந்தால் ஒரு உறவு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மன்னிப்பு கேட்கக்கூட வழியில்லை, ஏனென்றால் எதற்காக என்றே தெரியாமல் கேட்கும் மன்னிப்பை யாரும் நம்புவதில்லை.

அப்புறம் பொய். போதைக்கு அடிமையானவர்கள் இயல்பிலேயே பொய்யர்கள் என்று ஒரு பேச்சு உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. குறைக்க முடியவில்லை என்ற வெட்கத்தை மறைக்கத்தான் முதல் பொய், "ரெண்டே ரெண்டுதான்" என்பது. அதைக் காப்பாற்ற அடுத்தது. பணம் எங்கே போனது என்பதற்கு ஒன்று, ஆபீசுக்கு ஏன் வரவில்லை என்பதற்கு ஒன்று. கொஞ்ச காலத்தில் வீட்டிலிருப்பவர்களும் பொய் சொல்ல ஆரம்பிப்பார்கள்: அவருடைய மேலாளரிடம் "காய்ச்சல்" என்று, சொந்தக்காரர்களிடம் "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று, பிள்ளைகளிடம் "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்று. பெண்கள் குடிக்கும் வீடுகளில் இந்த மறைப்பு இன்னும் கெட்டியாக இருக்கும், சமூகம் அவர்களை மன்னிக்காது என்பதால் உதவி கேட்பதே ரொம்பத் தாமதமாகும். இத்தனைக்கும் உடம்பில் நீரின் அளவு குறைவாக இருப்பதால் அதே அளவு மது பெண்களின் ரத்தத்தில் கூடுதல் செறிவில் ஏறி, சீக்கிரமே சேதத்தைத் தொடங்குகிறது.

அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. கதவில் சாவி திரும்பும் சத்தத்தை வைத்தே இன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று கணிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, பாடப் புத்தகத்தில் எப்படி மனதைச் செலுத்தும்? மூத்த பிள்ளை தம்பி தங்கைக்குப் பெற்றோராகிவிடும். நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிடாது. எதுவும் கேட்காது, ஏனென்றால் கேட்டால் சண்டை வரும். பெரியவர்கள் இந்தப் பிள்ளையைப் பார்த்து "எவ்வளவு பொறுப்பு!" என்று பாராட்டுவார்கள். 1998-ல் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் அடி, அவமானம், வீட்டில் குடி என்று நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களை அனுபவித்தவர்களுக்குப் பின்னாளில் குடிநோய், போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் மற்றவர்களைவிட 4 முதல் 12 மடங்கு இருந்தது தெரிந்தது. பரம்பரையின் பங்கும் உண்டு, குடிநோய்க்கான சாய்வில் ஏறக்குறைய பாதி மரபணு வழியாக வருகிறது என்கிறார்கள். பாதிதான், மீதியில் வளரும் சூழலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அதை நம்மால் மாற்ற முடியும். கர்ப்ப காலக் குடியோ பிள்ளை பிறப்பதற்கு முன்பே கை வைக்கிறது. 1973-ல் மருத்துவ இதழில் பெயர் சூட்டி விவரிக்கப்பட்ட அந்தப் பாதிப்பு முக அமைப்பு, வளர்ச்சி, கற்கும் திறன் எல்லாவற்றையும் தொடும், வாழ்நாள் முழுக்கத் தொடரும்.

இப்போது உடம்புக்கு வரலாம். மது கல்லீரலில் முதலில் அசிடால்டிஹைடாக மாறுகிறது, இது மரபணுக்களைச் சேதப்படுத்தும் நச்சு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதுபானங்களை 1988-லேயே புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் என்று பட்டியல் நீள்கிறது. மார்பகப் புற்றுநோய் அபாயம் குறைந்த அளவு குடியிலேயே கூடத் தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. பீர், ஒயின், உயர்ரக விஸ்கி எதுவானாலும் உள்ளே இருப்பது அதே எத்தனால்தான். "கொஞ்சமாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது" என்று பல காலம் சொல்லப்பட்டது, 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் இல்லை எனத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் மட்டும் உலகில் 26 லட்சம் சாவுகளுக்கு மது காரணம், போதைப்பொருட்களால் இன்னும் 6 லட்சம். கணையம் வீங்குவது, ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு தாறுமாறாவது, கால் நரம்புகள் மரத்துப்போவது எல்லாம் இதில் சேரும்.

தூக்கத்தையும் சொல்ல வேண்டும், பல பேர் குடிக்க ஆரம்பிப்பதே அதற்காகத்தான். மது சீக்கிரம் தூங்க வைக்கும், உண்மைதான். ஆனால் கனவு வரும் தூக்கத்தைக் குறைத்து, இரவின் பின்பாதியை உடைத்துவிடும். மூன்று மணிக்கு விழிப்பு வந்து, பயமும் குற்றவுணர்வும் சேர்ந்து அழுத்தும். அதைத் தாங்காமல் மறுநாள் மறுபடியும். குடித்தால் மனச்சோர்வு குறைவது போலத் தெரிந்து உண்மையில் ஆழமாவதும் இதே சுழலில்தான். போதையில் இருக்கும்போது நிதானம் போய் அவசர முடிவு எடுக்கும் அபாயம் கூடுவதால், தற்கொலைகளில் மதுவின் பங்கு பெரியது. குடிப்பவர் சாவைப் பற்றிப் பேசினால் "போதையில் உளறுகிறான்" என்று ஒருபோதும் தள்ளிவிடாதீர்கள்.

மற்ற போதைகளை ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவது தவறு, ஒவ்வொன்றும் வேறு விதமாகக் கொல்கிறது. ஹெராயின், மார்ஃபின், சில வலி மாத்திரைகள் மூளைத்தண்டில் சுவாசத்தை இயக்கும் இடத்தையே அடக்கிவிடும். அளவு மீறினால் ஆள் தூங்குவது போலவே இருந்து மூச்சு நின்றுவிடும். இதே வகையைச் சேர்ந்த ஃபெண்டனில் என்ற செயற்கை வலி மருந்து ஹெராயினைவிடச் சுமார் 50 மடங்கு வீரியம் கொண்டது, கள்ளச் சந்தைப் பொடியில் அது கலந்திருந்தால் வாங்குபவருக்குத் தெரியவே தெரியாது. நாலோக்சோன் என்ற மருந்தை உடனே கொடுத்தால் நின்றுபோகும் மூச்சைத் திரும்பக் கொண்டுவரலாம், ஆனால் பக்கத்தில் இன்னொருவர் இருந்தால்தான் அது நடக்கும். கொக்கெய்ன், மெத் (மெத்தம்ஃபெட்டமின்) போன்றவை எதிர்த்திசை, உடம்பை முடுக்கிவிடுபவை: இதய ரத்தக்குழாய்களைச் சுருக்கி இளவயதிலேயே மாரடைப்பு, அப்புறம் நாள்கணக்கில் தூக்கமின்மை, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகம். கஞ்சா இயற்கையானது, அதனால் ஒன்றும் செய்யாது என்று இளைஞர்கள் வாதாடுவதைக் கேட்கிறேன். பயன்படுத்துபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அதைச் சார்ந்தவராகிறார், பதின்வயதில் வீரியமான கஞ்சாவை அடிக்கடி இழுப்பவர்களுக்கு மனச்சிதைவு நோயின் அபாயம் கூடுகிறது. ஊசி பகிர்ந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி. இதில் ஹெபடைடிஸ் சி-க்கு இன்று 8 முதல் 12 வார மாத்திரைகளில் 95 சதவீதத்துக்கு மேல் குணம் கிடைக்கிறது, ஆகவே பழக்கத்தை விட்டவர்கள் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. மதுவோடு தூக்க மாத்திரையோ ஹெராயின் வகையோ சேர்வதுதான் எனக்கு ரொம்பப் பயமான விஷயம், தனித்தனியாகத் தாங்கக்கூடிய அளவுகூட ஒன்றாகச் சேர்ந்தால் மூச்சை நிறுத்தப் போதும்.

எல்லாரும் அடிமையாவதில்லையே என்று கேட்கலாம். ஆமாம், ஆவதில்லை. வியட்நாம் போரின்போது ஏராளமான அமெரிக்கச் சிப்பாய்கள் ஹெராயினுக்கு அடிமையானார்கள், அவர்கள் ஊர் திரும்பினால் என்ன ஆகுமோ என்று அரசே பயந்தது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப்பிடித்து விசாரித்தபோது, அங்கே அடிமையாக இருந்தவர்களில் ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான் என்று தெரிந்தது. பயம், தனிமை, சலிப்பு, கைக்கெட்டும் தூரத்தில் ஹெராயின், இந்தச் சூழல் மாறியதும் பெரும்பாலானவர்களின் பழக்கமும் மாறியது. சுற்றியிருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சான்று வேண்டாம். சிகிச்சை முடிந்து வரும் ஒருவரை அதே நண்பர் கூட்டம், அதே வேலையின்மை, அதே சண்டைக்குள் திருப்பி அனுப்பிவிட்டு அவருடைய மன உறுதியைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமே இல்லை.

சிகிச்சை என்றால் அட்வைஸ் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மருந்துகள் இருக்கின்றன. நால்ட்ரெக்சோன் குடியின் கிளர்ச்சியையும் தவிப்பையும் குறைக்கும், அகாம்ப்ரோசேட் குடியை நிறுத்தியவர்கள் அப்படியே நீடிக்க உதவும். டைசல்ஃபிரம் வேறு வகை: அசிடால்டிஹைடு உடம்பில் சேரும்படி செய்வதால், அதை எடுத்துக்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். இந்த மாத்திரையை ஆளுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கிறார்கள், "தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று விளம்பரம் செய்து பொடிகள் விற்பவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். தெரியாமல் குடித்தவர் இறந்தும் போகலாம், பிழைத்தாலும் அதன்பின் வீட்டுச் சாப்பாட்டையே நம்ப மாட்டார். ஹெராயின் வகைக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின். "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று குடும்பங்கள் பாதியில் நிறுத்திவிடுகின்றன, ஆனால் இந்த மருந்துகளைத் தொடர்பவர்களின் இறப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. இதோடு பேச்சு சிகிச்சை, 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கி இன்று உலகமெங்கும் நடக்கும், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள், குடும்பத்தினருக்கென்றே நடக்கும் அல்-அனான் கூட்டங்கள். எது யாருக்குப் பொருந்தும் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

மறுபடி விழுவது பற்றி. சிகிச்சைக்குப் பிறகு 40 முதல் 60 சதவீதம் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். ரத்த அழுத்தத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் சிகிச்சை எடுப்பவர்கள் மறுபடி சீர்கெடுவதும் ஏறக்குறைய இதே அளவில்தான். ரத்த அழுத்தம் மறுபடி ஏறினால் மருந்தை மாற்றிக் கொடுக்கிறோம், குடித்துவிட்டு வந்தால் "இவனெல்லாம் திருந்தமாட்டான்" என்கிறோம். விழுந்த அன்றே, அல்லது மறுநாளே, திரும்பச் சிகிச்சைக்குப் போவதில்தான் எல்லாம் இருக்கிறது. வெட்கத்தில் மூன்று மாதம் ஒளிந்தால் அந்த மூன்று மாதமும் அதிகப்படியான சேதம். ஹெராயின் வகையில் இன்னொரு பெரிய ஆபத்து: சில வாரங்கள் நிறுத்தியவரின் உடம்பு பழைய தாங்குதிறனை இழந்திருக்கும், பழைய அளவையே எடுத்தால் அதிலேயே சாவு. மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்களில் சாவுகள் அதிகமாக இருப்பதற்குக் காரணம் இது, இதை அவரிடமும் வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லி அனுப்பியாக வேண்டும்.

மீட்சி வரும் வரிசையும் தெரிந்திருந்தால் ஏமாற்றம் குறையும். குடியை நிறுத்தினால் கொழுப்பு படிந்த கல்லீரல் சில வாரங்களிலேயே தேறத் தொடங்கும். தூக்கம் சீராக மாதங்கள் ஆகலாம், அந்த மாதங்களில் எரிச்சலும் வெறுமையும் இருக்கும், "குடிக்கும்போதே பரவாயில்லை போல" என்றுகூட வீட்டில் தோன்றும். கடைசியாக வருவது நம்பிக்கை. "ஒரு மாதமாகத் தொடவில்லையே, இன்னும் சந்தேகமா?" என்று அவர் கேட்பார், கேட்பதில் நியாயம் இருக்கிறது, பத்து வருடம் ஏமாந்தவருக்கு ஒரு மாதத்தில் நம்ப முடியாது, அதிலும் நியாயம் இருக்கிறது. இருவரும் இதை வெளிப்படையாகப் பேசிக்கொள்வது ஒன்றுதான் வழி, வேகப்படுத்த எந்த மருந்தும் இல்லை.

வீட்டிலிருப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். போதையில் இருக்கும்போது எதையும் பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள், தெளிந்திருக்கும் காலை நேரத்தில், நடந்ததை மட்டும், திட்டாமல் சொல்லுங்கள். அவருக்காக ஆபீசுக்குப் பொய் சொல்வதை நிறுத்துங்கள். வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள். அடி விழுகிற வீடு என்றால் முதலில் நீங்களும் பிள்ளைகளும் பத்திரமான இடத்துக்குப் போங்கள், சிகிச்சை அதற்குப் பிறகு. அவர் எழுப்பியும் எழாமல் கிடந்தால், மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வந்தால், உதடு நீலமானால், "தூங்கித் தெளியட்டும்" என்று விடாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். டாக்டரிடம் போகும்போது கடைசியாக எப்போது, எவ்வளவு எடுத்தார், வேறு என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். கௌரவம் பார்த்து அளவைக் குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவும் தப்பாகிவிடும்.